வால்பாறைப் பிள்ளைகளுக்கு வீடியோ வகுப்பு: எந்த கேமரா வாங்கலாம்?

ஜூன் 2, காலை (கேள்வி)

வால்பாறை. எஸ்டேட் பிள்ளைகள் 12 பேர், வயது 14 முதல் 19 வரை. போட்டோ, வீடியோ, எடிட்டிங் கற்றுத்தர வேண்டும். நன்கொடையாக வந்த ரூ. 60,000 கையில் இருக்கிறது. பள்ளியில் இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப் நாலைந்து கிடைக்கும். ஒரு நல்ல டிஎஸ்எல்ஆர் வாங்கி அதை வைத்து வகுப்பு நடத்தலாம் என்று நினைக்கிறேன். எந்த மாடல் வாங்கலாம்? சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை வகுப்பு.

ஜூன் 2, இரவு (பதில்)

கேமரா வேண்டாம். ஒரு கேமராவும் 12 பிள்ளைகளும் என்றால் ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது வாரம் கூட்டம் பாதியாகிவிடும்.

முதல் ஆறு வாரம் படமே வேண்டாம், ஒலி மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஒலியில் பிழை இருந்தால் உடனே காதில் விழும். படத்தில் என்ன பிழை என்று கண்டுபிடிக்கப் பழக்கம் வேண்டும், காதுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. இன்னொன்று, அந்தப் பழைய லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங் லேசில் நகராது, ஆனால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருள் ஓடும். இரண்டு நிமிட ஒலித்துண்டை ஒரே வகுப்பில் முடித்து, அன்றைக்கே எல்லோரும் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கலையலாம். முடித்த வேலையை நாலு பேர் கேட்டார்கள் என்பதுதான் பிள்ளைகளை அடுத்த வாரமும் வரவைக்கும்.

பணத்தை ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம். சுமாரான ஆண்ட்ராய்டு போன் 3, மொத்தம் 30,000. சட்டைக் காலரில் மாட்டும் வயர் மைக், அதற்குக் காற்று மறைக்கும் பஞ்சு உறை, தேவையான கன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 3,500. போன் பிடியோடு சின்ன டிரைபாட் 3, 3,600. காதை முழுக்க மூடும் ஹெட்போன் 3, 2,400. ஒரு டிபி வெளி ஹார்டு டிஸ்க் 2, 10,000. ஆக 49,500. மீதி 10,500 பஸ் கட்டணத்துக்கும் டீ, பன்னுக்கும் பிரிண்ட் அவுட்டுக்கும். டீ, பன்னை வெட்டிச் செலவாக நினைக்க வேண்டாம். மலையில் பசியோடு உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு எடிட் பண்ணச் சொன்னால் ஒரு பிள்ளையும் தங்காது.

ஜூன் 3, காலை

போனைப் பொதுச் சொத்தாக வாங்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகள்) நல்ல போன் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கும். ‘அவரவர் போனைக் கொண்டு வாருங்கள்’ என்று சொன்ன நிமிடமே பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் கழன்றுவிடுவார்கள். வகுப்புப் போனில் சிம் போட வேண்டாம். பதிவு நடக்கும்போது அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவே அறுந்துவிடும். ஏர்பிளேன் மோடில் வைத்தால் பேட்டரியும் கூட நிற்கும்.

ஜூன் 3, மதியம்

நேரத்தைப் பற்றி. மாலை 4 முதல் 6 வேண்டாம். ஆறு மணிக்கு விட்டால் இருட்டும் நேரத்தில் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே நடந்து வீடு போக வேண்டும். வால்பாறையில் லைன் வீடுகளை ஒட்டிச் சிறுத்தை வரும், குழந்தைகளைத் தாக்கியதும் உண்டு. எந்த அம்மாவும் இதற்குச் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. எஸ்டேட்டுக்கு ஞாயிறு விடுமுறை. ஞாயிறு காலை 10 முதல் 1 வரை வையுங்கள். பஸ் நேரத்தைப் பார்த்துத் தொடங்கும் நேரத்தை முன்னே பின்னே தள்ளலாம்.

ஜூன் 4 (கேட்டவர்)

ஞாயிறுக்கு மாற்றிவிட்டேன். சின்ன சந்தேகம். ஆறு வாரமும் ஒலி என்றால் பசங்க ‘ரீல்ஸ் எப்போ சார்’ என்று கேட்டு உயிரை எடுப்பார்களே?

ஜூன் 4, இரவு

கேட்பார்கள். ‘ஏழாவது வாரம்’ என்று தேதியைச் சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்தால் பொறுமை தானாக வரும்.

ஒலி வகுப்பில் வார வேலை:

முதல் வாரம், கேட்பது. ஹெட்போன் மாட்டி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண், இரண்டு அடி, ஆறு அடி என்று மூன்று தூரத்தில் வைத்து ஒரே வாக்கியத்தைப் பதிவு செய்து, மூன்றையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். 60 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபல். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். இதைக் காதால் உணர்ந்த பிள்ளை அதன் பிறகு மைக்கைத் தூர வைக்காது.

இரண்டாம் வாரம், அளவு. ஒலி அளவு காட்டும் மீட்டரில் பேச்சின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது, வழக்கமான பேச்சு மைனஸ் 18க்கும் 12க்கும் நடுவே ஆட வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், அதை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது. சிரிப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பேச்சுக்கு வைத்த அளவு சிரிப்பில் உடையும்.

மூன்றாம் வாரம், வெறும் சத்தம். பேச்சே இல்லாமல் ஓர் இடத்தைக் காட்டும் 60 விநாடித் துண்டு. கொழுந்து வெட்டும் கத்திரி, எடைக்கு மூட்டை இறங்குவது, பேக்டரி சங்கு, தகரத்தில் மழை. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் அமைதியையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டையை அடைக்க அது வேண்டும். அதை எடுக்க மறக்காத பிள்ளை எடிட்டராகும்.

நான்காம், ஐந்தாம் வாரம், பேட்டி. ‘உங்கள் பெயர் என்ன?’ என்று தொடங்க வேண்டாம். ‘காலையில் மஸ்டருக்குப் போனதும் என்ன நடக்கும், சொல்லுங்க அக்கா’ என்று கேட்கப் பழக்குங்கள் (மஸ்டர் என்பது காலையில் வருகை எடுத்து வேலைக்குப் பிரிக்கும் இடம்). கேள்வி கேட்பவரின் குரல் கடைசியில் வெட்டுப்படும். அதனால் பதில் தனியாக நின்று புரிய வேண்டும். பதில் முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்த கேள்வி. அந்த மூன்று விநாடி மௌனத்தில்தான் பேசுகிறவர் தானாகவே நல்ல விஷயத்தைச் சொல்வார்.

ஆறாம் வாரம், மூன்று நிமிடத் துண்டு. முடித்துப் போட்டுக் காட்டுவது.

ஜூன் 6 (பொள்ளாச்சி ஸ்டுடியோக்காரர் ஒருவர்)

மைக் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் பல போன்களில் ஹெட்போன் ஓட்டையே கிடையாது. யுஎஸ்பி-சி கன்வெர்ட்டர் வாங்குவார்கள். மலிவானதில் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. ஊருக்குப் போய்த்தான் தெரியும்.

ஜூன் 6, இரவு

சரியான சேர்க்கை. கடையிலேயே மாட்டி, பேசிப் பதிவு செய்து, கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்கும்போது மைக் தலையை விரலால் லேசாகத் தட்டுங்கள். தட்டல் பலமாகக் கேட்டால் வெளி மைக் வேலை செய்கிறது. தூரத்தில் மெல்லக் கேட்டால் போன் தன் சொந்த மைக்கில்தான் பதிவு செய்கிறது.

இன்னொரு சிக்கல், போனோடு வரும் கேமரா செயலி பல நேரம் வெளி மைக்கைக் கண்டுகொள்ளாது. ‘ஓபன் கேமரா’ என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். அமைப்பில் ஒலி எங்கிருந்து என்ற இடத்தில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

மைக்கில் போயா பிஒய்-எம்1 போதும். 6 மீட்டர் வயர் வரும். சின்னப் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கும். போனுக்கு ஒரு பக்கம், கேமராவுக்கு இன்னொரு பக்கம். போன் பக்கம் வைத்தால் பேட்டரியே வேண்டாம். கேமரா பக்கம் வைத்தால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் பேட்டரி தேவை. ‘மைக் செத்துப்போச்சு’ என்று வந்தால் முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். வயரை முழங்கையில் இறுக்கிச் சுற்ற விடாதீர்கள். ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று கீழாக என்று தளரச் சுற்றினால் முறுக்கு ஏறாது. வயர் மைக் சாவது பெரும்பாலும் பின்னுக்குப் பக்கத்தில் வயர் உள்ளே முறிவதால்தான்.

ஜூன் 9

மழை. வகுப்பு ஜூனில் தொடங்குகிறது என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை முடியும் செப்டம்பர் வரை தகரக் கூரைக்கடியில் பேட்டி எடுக்க முடியாது. சின்னக்கல்லார் பக்கம் பெய்யும் மழைக்கு ஒரு நாள் காத்திருந்து பயனில்லை, அடுத்த நாளும் அதேதான்.

கம்பளி போர்த்திக்கொண்டு பதிவு செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். கம்பளி அறையின் எதிரொலியைக் குறைக்கும், மழைச் சத்தத்தைத் தடுக்காது. நிறுத்திய வேனுக்குள் உட்கார்ந்தாலும் தலைக்கு மேல் அதே தகரம்தான். கான்கிரீட் கூரையுள்ள இடம் வேண்டும்: பள்ளி, நூலகம், எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தா. அதுவும் கிடைக்காவிட்டால் மைக்கை இன்னும் நெருக்குங்கள், தாடைக்குக் கீழே ஒரு சாண். மழை பின்னால் இருக்கட்டும். மழை கேட்கிறது என்பது குறை இல்லை, பேச்சு புரியவில்லை என்பதுதான் குறை. ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்கும் வசதியால் மழையை அழிக்கப் பார்க்காதீர்கள். குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல ஆகிவிடும்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

ஈரம் பொருளையும் தின்னும். காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 60, 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். டிஎஸ்எல்ஆர் வேண்டாம் என்றதற்கு இதுவும் காரணம். போன், மைக், டிஸ்க் எல்லாவற்றையும் ரப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மானி, 200 கிராம் சிலிக்கா ஜெல். மானி 40, 50 காட்டினால் நிம்மதி. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய சட்டியில் சிறு தீயில் கிளறினால் நிறம் திரும்பும். தீ கூடினால் கருகி வீணாகும். அரிசி டப்பாவில் போடுவது வேண்டாம், உமித்தூள் சார்ஜ் ஓட்டைக்குள் போகும்.

குளிரில் இருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் போனால் லென்சில் பனி படியும். பையை மூடியபடியே 20 நிமிடம் உள்ளே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். துடைத்துத் துடைத்துக் கீறல் விழவைப்பதைவிட அந்த 20 நிமிடத்தில் பேட்டி கொடுப்பவரோடு டீ குடிக்கலாம். பேட்டியும் நன்றாக வரும்.

ஜூன் 15 (கேட்டவர்)

முதல் வகுப்பு நடந்தது. 12 பேரில் 10 பேர் வந்தார்கள். மூன்று தூரச் சோதனை அட்டகாசம். அடுத்து, அனுமதிக் கடிதம் எல்லாம் வேண்டுமா? ஊர்ப் பிள்ளைகள்தானே, ஊர்க்காரர்களைத்தானே எடுக்கிறார்கள்?

ஜூன் 15, இரவு

வேண்டும். மூன்று வகை.

பிள்ளைகளுக்கு: 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் படம், குரல், விவரம் எதையும் இணையத்தில் ஏற்றும் முன் பெற்றோர் கையெழுத்து. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18க்குக் கீழே பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சீருடையில் தெரியும் பள்ளிப் பெயர், லைன் எண், வீடு திரும்பும் பாதை மூன்றும் ஒரே வீடியோவில் சேர்ந்து வராமல் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளையைப் பற்றி யாராவது பேட்டியில் சொல்லிவிட்டால், அடையாளம் தெரியும் எதுவும் வெளியே போகக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. அந்தக் கோப்பை வகுப்பில் போட்டுக் காட்டவும் வேண்டாம்.

தொழிலாளிகளுக்கு: எஸ்டேட் தனியார் நிலம், வீடும் எஸ்டேட் வீடு. கூலியையோ சூப்பர்வைசரையோ பற்றி மனம்விட்டுப் பேசியவர் மறுநாள் மஸ்டரில் நிற்க வேண்டும். பதிவின் தொடக்கத்திலேயே ‘எதற்கு எடுக்கிறோம், எங்கே போடுவோம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவோம்’ என்று சொல்லி, அவர் ‘சரி’ என்பதையும் பதிவு செய்யுங்கள். எடிட் செய்தபின் அவருக்கு முதலில் போட்டுக்காட்டுங்கள். இந்த ஒரு பழக்கத்தைப் பிள்ளைகள் கற்றாலே வகுப்பு வென்றது என்பேன். மற்றதெல்லாம் யூடியூப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம், இதை அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை.

நிர்வாகத்துக்கு: மேனேஜரிடம் தேதி, இடம், ஆள் எண்ணிக்கை குறித்த ஒரு பக்கக் கடிதம். பேக்டரிக்குள் போனால் துப்பட்டா, தொங்கும் மைக் வயர், டிரைபாட் கால் எதுவும் உருளைகளுக்குப் பக்கத்தில் கூடாது. உள்ளே இயந்திரச் சத்தமும் தேயிலைத் தூளும் மட்டும் பதிவு, பேட்டி வெளியே.

ஜூன் 16

யானையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆனைமலைப் புலிகள் காப்பகம் சுற்றிலும் இருக்கிறது. அதற்குள் அனுமதியில்லாமல் டிரோன், படப்பிடிப்பு எதுவும் கிடையாது. எஸ்டேட்டுக்குள்ளும் யானை நடமாட்டம் உண்டு. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற வனவிலங்கு ஆய்வு அமைப்பு பல ஆண்டுகளாக நடத்தும் யானை எச்சரிக்கை ஏற்பாடு உங்களுக்குத் தெரியும்: எஸ்எம்எஸ், குரல் அழைப்பு, உயரமான இடங்களில் போன் மூலம் எரியவிடும் சிவப்பு விளக்கு, உள்ளூர் கேபிளில் ஓடும் செய்தி. வெளிப்புறப் படப்பிடிப்பு நாளில் ஒரு பிள்ளைக்கு இதை மட்டும் கவனிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் ஷூட்டிங் இல்லை. பேச்சே இல்லை.

இந்த ஏற்பாட்டையே பாடமாகவும் வைக்கலாம். இதற்காக அந்த அமைப்பின் ஆய்வாளர் எம். ஆனந்தகுமார் 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார். ஆனால் விருதைவிடப் பிள்ளைகள் பார்க்க வேண்டியது வேறு: நாலு வரிச் செய்தி, எங்கே, எப்போது, என்ன என்பது மட்டும், சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில். உயிர் காக்கும் ஊடகம் அவர்கள் ஊரிலேயே ஓடுகிறது. ‘நம்ம எஸ்டேட்டுக்கு 20 விநாடிக் குரல் எச்சரிக்கை எழுது’ என்று ஒரு பயிற்சி கொடுங்கள். எழுதியதைப் பாட்டியிடம் ஒருமுறை மட்டும் வாசித்துக்காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பயிற்சிக் கோப்பு வகுப்பைத் தாண்டி வாட்ஸாப்புக்குப் போய்விடக் கூடாது. பொய் எச்சரிக்கை பரவினால் மெய் எச்சரிக்கையை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சோலைமந்தியை (சிங்கவால் குரங்கு) படம் எடுக்கப் போகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டு எடுத்த படம் வகுப்பில் ஏற்கப்படாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜூலை 26 (கேட்டவர்)

நாளை ஏழாவது வாரம், படம் தொடங்குகிறோம். ஒரு பையன் முன்கூட்டியே வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டு வந்தான். படம் முழுக்க கறுப்புப் பட்டை ஓடுகிறது. போன் கோளாறா?

ஜூலை 26, இரவு

கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். போன் தன் இஷ்டத்துக்கு ஷட்டர் வேகத்தை மாற்றினால் பட்டை விழும். போனில் முடிந்தால் ஓபன் கேமராவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் பூட்டிவிடுங்கள். போன் அனுமதித்தால் விநாடிக்கு 25 பிரேம். நம் ஊர் டிவி 25இல் ஓடுவதால் கேபிளுக்குக் கொடுக்கும்போது அசைவு தடுக்காது. சில மலிவு எல்இடி பல்புகள் அப்படியும் மினுக்கும். ஜன்னல் ஓரம் உட்காரவைத்து விளக்கை அணைத்துவிடுவதே நல்லது. வால்பாறையின் மூடிய வானம் பெரிய மென்மையான விளக்கு, காசு கொடுத்தாலும் கிடைக்காது.

முதல் படப் பயிற்சிக்கு ஐந்து ஷாட் போதும். கொழுந்து வெட்டுபவரை எடுப்பதாக வையுங்கள். ஒன்று, கை: கத்திரி மூடும்போது கொழுந்து அதோடு சேர்ந்த பெட்டிக்குள் விழுவது, சட்டகம் நிறைய. இரண்டு, முகம்: கண் கொழுந்துமேல் இருக்கும், கேமராவைப் பார்க்காது. மூன்று, இரண்டும் சேர்ந்து இடுப்புக்கு மேலே. நான்கு, தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பதை. ஐந்து, பிள்ளை தானாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு கோணம், தரையிலிருந்து செடிக்கு நடுவே செருப்பும் அட்டை கடிக்காமல் இருக்கக் கட்டிய துணியுமாக இருக்கலாம். ஒவ்வொன்றும் அசையாமல் 10 விநாடி. வாய்க்குள் எண்ண வேண்டும். கேமராவைத் திருப்புவதும் ஜூமும் முதல் மாதம் கிடையாது.

போனை நிற்கவைத்து எடுப்பதா, படுக்கவைத்து எடுப்பதா என்று சண்டை வரும். ரீல்ஸைத் தடை செய்யாதீர்கள். எடுக்கும் முன்பே எது என்று முடிவு செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் விதி. படுக்கவைத்து எடுத்ததை நடுவில் வெட்டி நிமிர்த்தினால் கை போகும் அல்லது முகம் போகும்.

ஜூலை 28 (கேட்டவர்)

எடிட்டிங்கில் உதடும் குரலும் ஒட்டவில்லை. ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, கடைசியில் விலகிவிடுகிறது.

ஜூலை 28, இரவு

போன் வீடியோவில் பிரேம் வேகம் நிலையாக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் போன் தானாகக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருள் நிலையான வேகத்தை எதிர்பார்க்கும். வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான பிரேம் வேகம் என்பதைத் தேர்ந்து ஒருமுறை மாற்றிவிட்டுப் பிறகு எடிட்டுக்குள் கொண்டுவாருங்கள். கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு இதைத் தானே கண்டுபிடித்து மாற்றட்டுமா என்று கேட்கும். ‘சரி’ கொடுங்கள். பழைய லேப்டாப்பில் பிராக்சியும் போடுங்கள். அதாவது எடிட் செய்ய மட்டும் சின்னப் பிரதி, கடைசியில் அசலில் இருந்து ஏற்றுமதி. ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்தால் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, ஒவ்வொரு பதிவும் 10 நிமிடத்துக்குள்.

லேப்டாப் மூன்று பேருக்கு ஒன்று. மௌஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும், அலாரம் வையுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் கையில் மௌஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும், மற்ற இருவரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். மௌஸ் கிடைக்காத நேரத்தில் தாளில் எடிட்: பேட்டியை நேரக்குறிப்போடு எழுதி, கத்திரித்து, மேசையில் வரிசை மாற்றிப் பார்ப்பது. மேசையில் பத்து நிமிடத்தில் தீர்வதைத் திரையில் தேடினால் ஒரு வகுப்பு முழுக்கப் போகும்.

கோப்பு: முழு எச்டி ஒரு நிமிடம் ஏறக்குறைய 130 எம்பி. நான்கு குழு, தலா 20 நிமிடம் எடுத்தால் ஒரு வாரத்துக்கு 10 ஜிபிக்கு மேல். அன்றைக்கே இரண்டு டிஸ்கிலும் ஏற்றி, இரண்டும் ஒரே வீட்டில் இல்லாமல் பிரித்து வையுங்கள். இரண்டிலும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும். பெயர் வைக்க எண் மட்டும் போதும்: தேதி, குழு எண், ஷாட் எண். ‘புதுசு’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயர் வைக்கும் பழக்கத்தை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

ஜூலை 29

தமிழ் பேசாதவரைப் பேட்டி எடுத்தால் சப்டைட்டில் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள், பதில் சொல்லாமல் போய்விட்டேன். மலையாளமோ இந்தியோ பேசுபவரைத் தமிழில் பேசச் சொல்லாதீர்கள். அவர் மொழியிலேயே பேசட்டும், தமிழில் சப்டைட்டில் போடுங்கள். எழுத்துரு யூனிகோடு மட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம். சில போன் எடிட்டிங் செயலிகளில் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். முழு வீடியோவை முடிக்கும் முன் ‘கொடுத்தோம், போனேன், கௌரவம்’ என்று மூன்று சொல்லை அடித்து, ஏற்றுமதி செய்து பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்து, ஏற்றுமதியில் உடைவதும் உண்டு.

ஆகஸ்ட் 3 (கேட்டவர்)

ஒரு அம்மா கேட்டார், ‘இதையெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா சார்?’ என்ன சொல்வது?

ஆகஸ்ட் 3, இரவு

நேர்மையாகச் சொல்லுங்கள். சினிமா வேலை கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். ஊரில் இருக்கும் வேலை: பேனர், கல்யாண ஆல்பம், தங்கும் விடுதிகளுக்குப் படம், விசேஷங்களை நேரலை செய்வது. இவற்றில் கற்றதும் காசு வருவது பேனரில்தான். ஆகவே இரண்டு வாரம் அதற்கு ஒதுக்குங்கள்.

6க்கு 4 அடி பிளெக்ஸை அங்குலத்துக்கு 72 புள்ளி என்று போட்டால் 5184க்கு 3456 பிக்சல். தூரத்திலிருந்து பார்ப்பதால் அது போதும். வாட்ஸாப்பில் படமாக வந்த போட்டோவை வாங்காதீர்கள், சுருங்கி வந்திருக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நிறத்தை அச்சுக்கான சிஎம்ஒய்கே முறையில் பார்த்துவிடுங்கள், திரையில் பளிச்சென்ற நீலம் பிளெக்ஸில் மங்கும். எழுத்தையெல்லாம் கோடுகளாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துரு ஓடும், உங்கள் யூனிகோடு அங்கே கட்டம் கட்டமாகிவிடும். மாற்றும் முன் பெயர்களை இரண்டு பேர் உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும், மாற்றியபின் திருத்த முடியாது. ஆல்பத்துக்கு 12க்கு 36 அங்குல விரிப்பு, 300 புள்ளியில் 3600க்கு 10800 பிக்சல். நடு மடிப்பில் முகம் விழக் கூடாது. மணப்பெண் மூக்கில் மடிப்பு விழுந்தால் சண்டை அச்சகம் வரை வரும்.

ஆகஸ்ட் 5

சமுதாய வானொலி தொடங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டுக்கு இதில் முன்வரலாறு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்எம் 2004இல் தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அனுமதிக்கும் சக்தி 100 வாட், ஆன்டெனா 30 மீட்டர். எப்எம் அலை நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் மறுபக்க எஸ்டேட்டுக்குக் கேட்காது. உரிமத்துக்கு அலைவதும் நீண்ட வேலை. இப்போதைக்கு மைக்செட்டும் கேபிளும் வாட்ஸாப்பும் போதும். வாரா வாரம் நிகழ்ச்சி செய்யும் குழு ஒன்று இரண்டு வருடம் நிலைத்தால் அப்போது யோசிக்கலாம்.

ஆகஸ்ட் 9 (கேட்டவர்)

15ஆம் தேதி பள்ளியில் காட்டப்போகிறோம். நாலு படம், ஆறு ஒலித்துண்டு. கேபிள்காரரும் போடுகிறேன் என்றார். பையன்கள் பின்னணியில் சினிமா பாட்டு போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9, இரவு

பாட்டை எடுத்துவிடுங்கள். யூடியூபில் ஏற்றினால் உரிமை கோரல் வரும், கேபிளிலும் தொல்லை. மூன்றாம் வாரம் எடுத்த சத்தங்கள் டிஸ்கில் இருக்கின்றன. கத்திரிச் சத்தமே தாளம்தான், அதன்மேல் தப்பு (பறை) அடிக்கும் சத்தம் சேர்த்தால் போதும். அடிக்கிறவர் எந்த எஸ்டேட்டிலும் இருப்பார், கேட்டால் சந்தோஷமாக வாசிப்பார். டைட்டிலில் அவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்.

கேபிளுக்கு எம்பி4, விநாடிக்கு 25 பிரேம், தொடக்கத்திலும் முடிவிலும் 5 விநாடிக் கறுப்பு. எழுத்துகளை விளிம்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளுங்கள், பழைய டிவிகள் ஓரத்தை வெட்டும். இணையத்தில் அனுப்பிக்கொண்டிருக்காமல் பென்டிரைவில் கொடுங்கள். அவருடைய கருவியிலேயே முதல் நாள் முழுசாக ஓட்டிப் பாருங்கள்.

பள்ளியில் காட்டும்போது புரொஜெக்டரைவிட ஒலிபெருக்கியில் கவனம் வையுங்கள். படம் மங்கினாலும் உட்கார்ந்து பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். லேப்டாப்பிலிருந்து மைக்செட்டுக்குப் போகும் வயரில் ‘ஊம்ம்’ என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே பேட்டரியை முன்னமே நிரப்பி வையுங்கள். ஆறு ஒலித்துண்டுகளையும் படங்களுக்கு முன்னால் போடுங்கள், விளக்கை அணைத்துவிட்டு. பேட்டி கொடுத்த அக்காக்களுக்கு முன்வரிசை நாற்காலி.